ஓட்டைப் போடு, விசுவாசத்தைப் போடாதே



இந்த இதழின் தலையங்கத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து ஒப்பிக்கிற அறிக்கை இல்லை. இது நான் செய்த காரியம். நானே ஏற்றுக்கொள்ள வேண்டியது.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தாயில்பட்டிப் பக்கம் எங்க தெரு சேர்ந்த வார்டு பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆலை வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போய், எல்லாரும் கஞ்சி குடித்து முடித்த பிறகு, தெருவிளக்குக்கு அடியில் பத்துப் பதினைந்து பேர் கூடினோம். யாரை நிறுத்துறது? எல்லார் வாயிலும் ஒரே ஆள்தான் வந்தார். பட்டாசு ஆலையில் வருசக்கணக்காகச் சரம் பின்னிய ஒரு அக்கா. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்ட பிறகு, திரி வெட்டவும் பெட்டி ஒட்டவும் போய்க்கொண்டிருந்தவர். கணக்கு தெரிந்தவர். போர்மேனிடம் நேருக்கு நேர் நின்று கேட்கிறவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிறவர்.

ஒரே ஒரு சிக்கல். அக்கா ஞானஸ்நானம் வாங்கியவர். தாலுகா ஆபீஸ் சாதிச் சான்றிதழில் இந்து. சபைப் பதிவேட்டில் கிறிஸ்தவர். இரண்டு இடத்திலும் இரண்டு பேர். எங்க தெருவில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், கல்லறைக்கு ஒரு பேர்.

அந்த ராத்திரி நான்தான் சொன்னேன். "அக்கா, சபையில எழுதியிருக்கது சபையோட கெடக்கட்டும். சர்ட்டிபிகேட்டக் காட்டுங்க. எவனாவது கேட்டா, நான் கோயிலுக்குப் போறதில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அஞ்சு வருசம்தான."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

"தம்பி, பேதுரு ஒரே ராத்திரியில மூணு தடவ தெரியாதுன்னான். சேவல் கூவுச்சு, வெளிய போயி அழுதான், மன்னிப்பும் கெடச்சுது. நீ என்னைய அஞ்சு வருசம் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுத. எனக்கு எந்தச் சேவல் கூவும்? எந்தங்கச்சி வெடியில கருகிப்போயி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, அடையாளம் சொல்லப் பயந்து சொந்தக்காரக எல்லாரும் தள்ளி நின்னாக. ராத்திரி முச்சூடும் எங்கூட இருந்தது ஒருத்தர்தான். அவரப் போயி தெரியாதும்பனா?"

அவர் நிற்கவில்லை. வேறொரு பெண் நின்றார். அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிக்கிற ஒரு காண்டிராக்டர் காட்டிய ஆள். ஜெயித்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் வைக்காமல், ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த ஐந்து வருசத்தில் எங்க தெருவில் எது மாறியது என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. நான் அக்காவிடம் சொன்ன வார்த்தை மட்டும் மாறாமல் என் தொண்டையில் நிற்கிறது.

ஒரு மனுசி தன் சாமியை மறைத்தால்தான் தன் சாதிக்கு உரிய நாற்காலியில் உட்கார முடியும் என்று வைத்தது யார்? அதைக் கேட்காமல், மறை என்று அவளுக்குப் புத்தி சொன்ன நான் யார்? முதல் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. சுருக்கமாகவாவது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1936இல் வெள்ளைக்காரன் பட்டியல் சாதிகளுக்கு ஓர் ஆணை போட்டான். இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று அதிலேயே எழுதினான். ஆண்டவன் கிறிஸ்தவன், தள்ளப்பட்டவனும் கிறிஸ்தவன். அப்போது சொல்லப்பட்ட சமாதானம், கிறிஸ்தவருக்குத்தான் தனித் தொகுதி இருக்கிறதே என்பது. இருந்தது உண்மை. ஆனால் அதில் ஓட்டுப் போடச் சொத்தோ படிப்போ இருக்க வேண்டும். சேரிக் கிறிஸ்தவனில் எத்தனை பேருக்கு இருந்தது?

1949இல் அரசியல் நிர்ணய சபையில், மதச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கீட்டுத் தொகுதிகள் வேண்டாம் என்று முடிவானது. கிறிஸ்தவத் தலைவர்கள் அதை ஆதரித்தார்கள். சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசோசா சாமியாரும் ஆதரித்தார். தேச ஒற்றுமைக்கான பெருந்தன்மை என்று அதைப் பாராட்டினார்கள். அடுத்த வருசம், 1950 ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியிலேயே நிற்கிறார்கள்.

இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கிறிஸ்தவருக்கென்று இருந்த கதவைக் கிறிஸ்தவப் பெரியவர்கள் சாத்தினார்கள். தலித்துக்கென்று இருந்த கதவை அரசாங்கம் சாத்தியது. இரண்டு கதவுக்கும் நடுவில், முற்றத்தில் நிற்கிறவன் தலித் கிறிஸ்தவன். விட்டுக்கொடுத்தவர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவர்கள் பொதுத் தொகுதியில் நிற்கலாம், கல்லூரி நடத்தலாம், மந்திரிகளோடு விருந்து சாப்பிடலாம். பெருந்தன்மை அவர்களுடையது, நட்டம் நம்முடையது.

மதம் மாறியதும் சாதி போய்விட்டதா? சென்னையில் சூசை என்று ஒரு தொழிலாளி. தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். 1982இல் செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. அதே ஊசி, அதே நூல், அதே வெயில். கிறிஸ்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். தெருவோரத்தில் உட்கார்ந்திருந்ததே ஆதாரமாகப் படவில்லை.

ஓட்டு விசயத்துக்கே வருவோம். கேரளத்தில் தேவிகுளம், நம் சனங்கள் தேயிலை பறிக்கப் போன மலை. பட்டியல் சாதித் தனித்தொகுதி. 2021இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா ஜெயித்தார், தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் வழக்குப் போட்டார், இவர் கிறிஸ்தவர் என்று. சபைப் பதிவேடு கோர்ட்டுக்குப் போனது. கலியாண போட்டோவும் போனது. மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. முடிவில் அவர் தப்பித்தார். ஆனால் ஒரு தலித் மக்கள் பிரதிநிதி தன் கலியாண உடுப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததே, இந்த நாட்டில் வேறு எந்தச் சாதிக்காரனிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்?

நடுவில் 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலுக்குப் போய்க்கொண்டே, வேலைக்காக மட்டும் இந்துப் பட்டியல் சாதி என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று, புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. நான் அக்காவுக்குச் சொன்ன புத்தி அந்தக் கணக்கில் ஏமாற்று. அக்கா நின்றிருந்தால், எதிராளி ஒரு மனு எழுதிப் போட்டால் போதும். அவர் வாழ்ந்த வாழ்க்கை பொய் என்று ஆகியிருக்கும். சட்டம் ஒருத்தியைப் பொய் சொல்ல வைக்கிறது. பிறகு பொய் சொன்னாள் என்று தண்டிக்கிறது.

மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொல்லியாகிவிட்டது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஒரு கமிஷன் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். கமிஷன் வந்தது, தீர்மானம் வந்தது. பத்தி போகவில்லை.

சரி, பத்தி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கதவு திறந்தாச்சு. உள்ளே இருக்கிற நாற்காலி எப்பேர்ப்பட்டது? தலித் இயக்கம் மறைக்காமல் பேச வேண்டியது இதைத்தான்.

1932இல் அம்பேத்கர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. நம்மவரை நாமே தேர்ந்தெடுப்பது. புனா ஒப்பந்தத்தில் கிடைத்தது தனித்தொகுதி. நிற்கிறவன் நம்மவன், தேர்ந்தெடுக்கிறவன் ஊர். மாகாணச் சட்டசபைகளில் 148 இடம், சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது, சாவி கைமாறியது. அந்தச் சாவி எப்படி வேலை செய்யும் என்பதை அம்பேத்கரே அனுபவித்தார். அரசியல் சட்டத்தை எழுதித் தந்தவர் 1952இல் பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். தனித்தொகுதிகளே வேண்டாம் என்று அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1955இல் தீர்மானம் போட்டது. அடுத்த வருசம் அவர் புத்தரிடம் போனார். ஓட்டை நம்பித் தோற்று, கடைசியில் மதத்துக்கு ஓடினார் என்று சிலர் கேலி பேசுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓட்டு செய்ய முடியாத ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். குனிந்தவனை நிமிரச் செய்கிற வேலை அது. அது ஓட்டுப் பெட்டிக்குள் நடப்பதில்லை.

தூரமெல்லாம் போக வேண்டாம். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே கொட்டகச்சியேந்தல். 1996இல் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போல இங்கேயும் 10 வருசம் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் நிலையாக உட்கார முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மேலவளவில் முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்த் திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவரோடு சேர்த்து 6 பேர். ஓட்டு அவரைத் தலைவர் ஆக்கியது. உயிரோடு வைத்திருக்க ஓட்டால் முடியவில்லை.

அதே சமயத்தில் இங்கே இன்னொரு பஸ் கதை ஓடிக்கொண்டிருந்தது. 1997இல் விருதுநகர் மாவட்டத்துப் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தது அரசு. தலித் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். மாவட்டம் பற்றி எரிந்தது. முடிவில் என்ன செய்தார்கள்? எல்லாத் தலைவர்கள் பேரையும், போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். 1997 ஜூலை முதல் தேதி, மேலவளவுக்கு மறுநாள். நமக்கு ஒன்று கொடுக்கிற நிலை வந்தால் எல்லாருக்கும் உள்ளதையே அழித்துவிடுவது. இதற்கு அவர்கள் வைத்த பேர் சமத்துவம்.

"தேர்தல் பாதை திருடர் பாதை" என்று ஒரு காலத்தில் சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். அதை நம்பிச் சின்ன வயதில் ராத்திரி சுண்ணாம்பு வாளி தூக்கியவன் நான். 1999 வரை திருமாவளவனும் தேர்தலைப் புறக்கணித்தார். அந்த வருசம் சிதம்பரத்தில் நின்றார். 2001இல் எம்.எல்.ஏ. ஆனார், 2004இல் ராஜினாமா செய்தார், 2009இல் எம்.பி. ஆனார். 2024இல் அவர் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரமும் கிடைத்தது. கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்டில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது. மறுவருசம் ஓட்டப்பிடாரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமி ஜெயித்தார். அந்த வெற்றியில் அடிபட்ட சனத்தின் கோபம் இருந்தது. ஆனால் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, எம்.எல்.ஏ.வே முன்னால் நடந்தும் தடியடி நிற்கவில்லை. தாமிரபரணியில் 17 உயிர். யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேர்தலுக்குள் போனவர்கள் காரணம் இல்லாமல் போகவில்லை. வெளியே நின்றவர்கள் காரணம் இல்லாமல் நிற்கவில்லை. பிரச்சினை, ஓட்டிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் சபைப் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். "அதான் சொல்லுறோம், அரசியல் அசுத்தம். ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் பாத்துக்கிடுவாரு." அய்யா, கொஞ்சம் உட்காருங்கள். நீங்கள் தேர்தலே நடத்தாதவர்களா? சேகரக் கமிட்டித் தேர்தலில் சாதி பார்க்கிறதில்லையா? திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி பிரிந்து, வேன் வைத்து ஆள் ஏற்றி, கவரில் பணம் வைத்துக் கொடுக்கிறதை எங்கள் கண் பார்த்திருக்கிறது. எந்தச் சபை, எந்த வருசம் என்று எழுதப் போவதில்லை. வாசிக்கிற உங்களுக்கே தெரியும். பஞ்சாயத்துத் தேர்தல் அசுத்தம், பள்ளிக்கூடத்து மேனேஜர் பதவித் தேர்தல் பரிசுத்தமா?

கல்லறைக்குப் போவோம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் செத்தவர்களுக்கு நடுவில் சுவர், சாதி பார்த்து. இறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதும், 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே நற்கருணை வாங்கியவர்கள். நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்துக்குள் போய், அங்கேயும் சாதியைப் பார்த்து வெளியே வந்து, 1992இல் 'கருக்கு' எழுதினார். அவர் ஏசுவை விட்டு வெளியே வரவில்லை, மடத்தை விட்டு வந்தார். இரண்டும் வேறு வேறு என்பதை நமக்குக் காட்டியது அந்தப் புத்தகம்.

வேதத்திலேயே ஒரு தேர்தல் இருக்கிறது, பிரசங்கத்தில் அதிகம் வராது. நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரம். அபிமெலேக்கு தன் தாய்மாமன் ஊருக்குப் போய், நான் உங்க ரத்தம், எனக்கே ஆதரவு தாங்க என்று கேட்கிறான். சாதி ஓட்டு. கோயில் பணத்திலிருந்து எழுபது வெள்ளிக்காசு எடுத்துக் கொடுக்கிறார்கள். தேர்தல் நிதி. அந்தக் காசில் வேலை இல்லாத போக்கிரிகளைக் கூலிக்கு வைக்கிறான். அப்புறம் எழுபது சகோதரரைக் கொல்கிறான். தப்பிய கடைசித் தம்பி யோதாம் மலை மேல் ஏறி நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்களெல்லாம் தங்களுக்கு ராஜா தேடின. ஒலிவமரம், எனக்கு என் எண்ணெய் போதும் என்றது. அத்திமரம், என் பழம் போதும் என்றது. திராட்சச்செடி, என் ரசம் போதும் என்றது. கடைசியில் முட்செடி சரி என்றது. என் நிழலுக்கு வாங்க, வராவிட்டால் என்னிடமிருந்து நெருப்புக் கிளம்பும் என்றது.

நெருப்பு என்றால் என்ன என்று தாயில்பட்டிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 40 பேர் அளவில் போனார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், 20 பேருக்கு மேல். அதே வருசம் ஜூனில் தாயில்பட்டியிலேயே, வீட்டில் வைத்து வெடி செய்தபோது வெடித்தது. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. முதலிப்பட்டிக்கும் அச்சங்குளத்துக்கும் நடுவில் நாம் 2014இல் ஓட்டுப் போட்டோம், 2016இல் போட்டோம், 2019இல் பாராளுமன்றத்துக்கும் பஞ்சாயத்துக்கும் போட்டோம், சாத்தூர் தொகுதியில் இடைத்தேர்தல் கூட நடந்தது. ஒவ்வொரு வெடிக்கும் நிவாரணம் அறிவித்தார்கள், சீல் வைத்தார்கள். ஒருத்தர் பேரில் லைசென்ஸ், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது இன்னொருத்தர். ஒரு அறைக்கு நாலு பேர் என்பது விதி, எத்தனை பேர் என்பது ஆர்டரைப் பொறுத்தது. எந்தச் சின்னம் ஜெயித்தாலும் இது மாறவில்லை.

கதையில் முட்செடியை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். என் எண்ணெய் எனக்குப் போதும் என்ற ஒலிவமரத்தை என்ன செய்வது? நிழலும் பழமும் உள்ள மரங்கள் கை கழுவியதால்தான் முள் ராஜா ஆனது. ஜெபம் போதும் என்று ஒதுங்குகிற சபை அந்த ஒலிவமரம். அக்கா அந்த மரம் இல்லை. அக்கா ஒதுங்கவில்லை, ஒதுக்கப்பட்டார்.

இனி நான் சொல்ல வந்தது. விசுவாசம் ஒரு ஆளை முழுசாகக் கேட்கும். ஓட்டு ஒரு விரலைத்தான் கேட்கும். ஒரு விரலுக்கு உரிய மரியாதையை அந்த விரலுக்குக் கொடுப்போம், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஓட்டைப் போடுவோம். போடாமல் விட்டால் நம் பேரில் வேறொருத்தன் போடுவான். ஆனால் கட்சிக்காரனிடம் விசுவாசத்தைப் போட மாட்டோம். மீட்பு அவன் கையில் இல்லை. அவன் கையில் இருப்பது ரோடு, தண்ணீர், சுடுகாட்டுப் பாதை. அதற்கு அவனைக் கணக்குக் கேட்போம்.

கணக்குக் கேட்க ஒரு கூட்டம் வேண்டும், ஓட்டுக்கு முந்தியே. நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. 1899இல் சிவகாசியில் நாடார்களைக் கொள்ளையடித்தார்கள், கோயிலுக்குள் விடவில்லை. அப்போது அவர்களுக்கு ஓட்டு இல்லை. உறவின்முறை இருந்தது, மகமை இருந்தது. பிடியரிசி சேர்த்து விருதுநகரில் 1889லேயே பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் காமராசர். ஓட்டு பிறகு வந்தது, வந்தபோது பிடித்துக்கொள்ளக் கை தயாராக இருந்தது. 1967இல் அதே விருதுநகரில் காமராசரே தோற்றார். உறவின்முறை தோற்கவில்லை. அவர்களுக்கு வியாபாரம் இருந்தது, நமக்கு உழைப்பு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஆலையில்தான் நம் சனம் பாதிப்பேர் கருகுகிறது என்பதும் தெரியும். ஆனாலும் பாடம் பாடம்தான்.

நமக்கும் பிடியரிசி இருக்கிறது. அசனப் பண்டிகையில் ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டு ஒரே பந்தியில் சாப்பிடுகிறோமே, அது என்ன? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 2005இல் இறந்துபோகும் வரை, ஒரே உலைச் சோற்றில்தான் விடுதலை இறையியல் இருக்கிறது என்று பாட்டாகக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வருசத்துக்கு ஒருநாள் செய்வதை வாரத்துக்கு ஒருநாள் செய்தால் அது சங்கம்.

அக்கா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். எந்தச் சின்னத்திலும் நிற்காமல். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும் தெருப் பெண்கள் அவர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஒரு நோட்டு வைத்திருக்கிறார். யார் எத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினார், எத்தனைக்குக் கூலி வந்தது, யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், எந்த அறையில் எத்தனை பேர் உட்கார வைத்தார்கள், எல்லாம் அதில். இந்துப் பெண்களும் வருகிறார்கள், கிறிஸ்தவப் பெண்களும் வருகிறார்கள். பக்கத்துத் தெருச் சக்கிலியப் பெண்களும் வருகிறார்கள், இது எங்க தெருவில் முன்னால் நடக்காதது. முதல் ஜெபம், அப்புறம் கணக்கு. ஜெபம் வேண்டாம் என்கிறவர் கணக்குக்கு வந்தால் போதும். நோட்டு வந்த பிறகு குரோஸ் எண்ணிக்கையில் அடிக்கிற கள்ளக்கணக்கு குறைந்திருக்கிறது. அந்தக் காண்டிராக்டரே ஒருநாள் வந்து, "எம்மா, நோட்ட எடுத்துட்டு வா, பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டுக்கு நோட்டுக் கொடுக்கிற ஊரில், கேள்வி கேட்கிற நோட்டு ஒன்று எழுதப்படுகிறது. இந்த இதழின் வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் தெருவிலும் ஒரு நோட்டு போடுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள், இதில் எதற்குப் பதில் சொல்வாய் என்று கேளுங்கள். சேகரக் கமிட்டித் தேர்தலிலும் காட்டுங்கள். ஆகஸ்ட் 10 வருகிறபோது, மூன்றாவது பத்தியை நீக்கு என்று கேட்கக் கிறிஸ்தவர் மட்டும் நிற்கக் கூடாது. இந்துவாக எழுதப்பட்ட தலித்தும் நிற்க வேண்டும். நம்மை இரண்டு பதிவேட்டில் எழுதியது அவர்கள். நாம் ஒரே நோட்டில் எழுதிக்கொள்வோம்.

போன மாதம் அக்காவிடம் போய், அன்று ராத்திரி சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். சிரித்தார். "சேவல் ஒனக்குத்தான் கூவியிருக்கு தம்பி" என்றார். அப்புறம் நோட்டை என் பக்கம் தள்ளினார். "இந்த வாரம் எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ எழுது. நாங்க சொல்லுதோம்."

எழுதினேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்